மாமனாரைத் தடைசெய்த காலை

பெரும்பாலான மாப்பிள்ளைகள் மனசுக்குள் மட்டும் செய்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிற ஒரு காரியத்தை நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, பட்டப்பகலில், சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன். என் மாமனாரைத் தடைசெய்திருக்கிறேன். ஒரு பட்டனை அழுத்தி, அவரையும் அவரோடு நின்றிருந்த அத்தனை பேரையும் இணையத்தை விட்டு வெளியே தள்ளியிருக்கிறேன். தள்ளிவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு முட்டை பப்ஸ் சாப்பிட்டிருக்கிறேன்.

(இதை எழுதுவதால் அவர் மனம் புண்படுமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். கொல்லங்கோட்டில் ஆரம்பித்து கோவிந்தாபுரம் வரை உள்ள டீக்கடைகளில் அவரே இதை என்னைவிட நன்றாக, என் குரலில் பேசிக்காட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.)

நாற்பது தாண்டும்வரை நான் பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு டுட்டோரியலில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் போனிலேயே படிக்க ஆரம்பித்ததும் டுட்டோரியலை மூடிவிட்டு, அந்த இடத்தில் மந்தி பிரியாணிக் கடை திறந்தார்கள். முகலாயர் படையெடுப்பு என்னிடம் இருக்க, எனக்கு வேலை இல்லை. என் மனைவி சுமதி எங்கிருந்தோ ஒரு விளம்பரத்தைப் பிடித்துவந்தாள். கோயம்புத்தூரில் குறுகியகாலப் பயிற்சி. வலைத்தளங்களைத் திருடர்களிடமிருந்து காக்கும் வேலை. உட்கார்ந்து திரையைப் பார்த்தால் போதும். "சும்மா உக்காந்து பாக்கறதுக்கு உங்களை உட்டா வேற ஆளு ஏதுங்க" என்றாள். தகுதி இருப்பதாக எனக்கும் பட்டது.

பயிற்சியில் தாக்குதல் வகைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் எனக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். முதல் வகை, பெயர் எழுதச் சொன்ன கட்டத்தில் பெயருக்குப் பதிலாகக் கட்டளை எழுதுவது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரிடம் போய், பெயர் கேட்டால், "இதுவரை எழுதினவங்க எல்லாரையும் சத்தமா வாசி" என்று சொல்ல, அவரும் அதைப் பெயரென்று நினைக்காமல் கட்டளையென்று எடுத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிடுவது போல. இரண்டாவது, கூடத்தில் உட்காரச் சொன்ன விருந்தாளி ஒவ்வொரு கதவாகத் தள்ளிக்கொண்டு பீரோ இருக்கிற அறைவரை போய்விடுவது. மூன்றாவது, பூட்டுக்குச் சாவி கிடைக்கும்வரை கொத்துக்கொத்தாகப் போட்டுப் பார்ப்பது, அதாவது பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்து அடிப்பது. இன்னும் ஒன்றிரண்டு உண்டு. அவை மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடத்தப்பட்டவை. அதனால் அவற்றைப் பற்றி எனக்கு ஒரு பொதுவான நல்லெண்ணம் மட்டுமே இருந்தது.

வேலை கிடைத்தது பாலக்காட்டில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த சின்ன கம்பெனியில். முதலாளி ரஜிதா மேடம். என்னைவிடப் பத்து வயது இளையவர். எந்தக் கூச்சமும் இல்லாமல் என்னை 'சாரே' என்று கூப்பிட்டு வேலை வாங்குவார். என் பக்கத்து மேசை ஜெபராஜ். இடுக்கியில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். பேச்சு மட்டும் மலையேறவில்லை. வேலையில் எனக்கு சீனியர். அதை அவன் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது ஞாபகப்படுத்துவான்.

எங்கள் வேலை இதுதான். வாடிக்கையாளர்களின் வலைத்தளங்களுக்கு வருகிற ஒவ்வொரு வேண்டுகோளையும் ஒரு கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் திரையில் ஒரு அலர்ட் போடும். அது உண்மையான தாக்குதலா, வெறும் சலசலப்பா என்று நாங்கள் பிரிக்க வேண்டும். கருவிக்குச் சந்தேகம் அதிகம். ஒரு நாளில் அது சந்தேகப்படுகிற அளவுக்கு எந்த மாமியாரும் ஆயுள் முழுக்கச் சந்தேகப்பட்டதில்லை.

சேர்ந்த இரண்டாம் நாளே நான் ஒரு பெரிய படையெடுப்பைக் கண்டுபிடித்தேன். எங்கிருந்தோ ஒருவன் ஒரு தளத்தின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்துவிட ஓயாமல் முயன்றுகொண்டிருந்தான். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். ஜெபராஜ் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இந்த சைட்டுல அப்படி ஒரு பக்கமே கிடையாது. இல்லாத வீட்டுக் கதவ எவனோ தட்டுதான். தட்டிட்டுப் போறான், உக்காருங்க."

அன்றே அவன் ஒரு பாடமும் சொன்னான். கேட்டவன் என்ன கேட்டான் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. தளம் அவனுக்கு என்ன பதில் கொடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 'கிடையாது, போ' என்று அனுப்பியிருந்தால் கவலையில்லை. 'இந்தா' என்று எடுத்துக் கொடுத்திருந்தால்தான் ஆபத்து. நான் தலையாட்டினேன். அந்த மாதத்தில் நான் தலையாட்டிய பல விஷயங்களில் அதுவும் ஒன்று. உண்மையில் மனசுக்குள் ஓடியது வேறு: இந்த லயத்துக்காரன் முன்னால் ஒரு நாள் நிஜமான திருடனைப் பிடித்துக்காட்டி அவன் வாயை அடைக்க வேண்டும்.

அந்த நாள் மாங்காய் சீசனோடு வந்தது.

என் மாமனாருக்குக் கேரள-தமிழ்நாட்டு எல்லையில், கோவிந்தாபுரம் பக்கம் மாந்தோப்பு. எங்கள் பக்கத்து மாங்காய் வெகு சீக்கிரம் காய்க்கும். வடக்கே யாரும் மாங்காயை நினைக்கக்கூடத் தொடங்காத நேரத்தில் லாரியில் போய் இறங்கினால் நல்ல விலை. பத்து நாள் தள்ளிப்போனால் ஆந்திராக் காய் வந்துவிடும். அதனால் பறித்த காய் அன்றைக்கே விற்று அன்றைக்கே லாரி ஏற வேண்டும். விலை பேசுவதற்கு அங்கே ஒரு பழக்கம் உண்டு. மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள்: விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும், விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. மாட்டிலிருந்து அது மாங்காய்க்கும் வந்திருந்தது.

அந்த வருடம் மாந்தோட்டக்காரர்களின் சங்கத்துக்காரர்கள் இந்த விலைபேசலை வலைத்தளத்து ஏலமாக மாற்றினார்கள். தோட்டக்காரர்கள் காலையில் லாகின் செய்து, எவ்வளவு சரக்கு, எந்த ரகம் என்று போட வேண்டும். கூடவே 'உள்விலை' என்று ஒன்று. இதற்குக் கீழே தர மாட்டேன் என்கிற விலை. அது கணினிக்கு மட்டும் தெரியும், வியாபாரிகளுக்குத் தெரியாது. துண்டு செய்த வேலையை இனி தளம் செய்யும் என்றார்கள். பாதிப் பேர் நம்பவில்லை. அவர்களைத் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சம்மதிக்க வைத்தவர் என் மாமனார். அவர் சொன்ன ஒரே காரணம்: "காவலுக்கு உக்காந்திருக்கறது நம்ம மாப்பிள்ளைங்க."

ஆமாம், அந்தத் தளத்தின் கண்காணிப்பு எங்கள் கம்பெனியிடம்தான் வந்திருந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஷெட்டுக்கே போய், பாஸ்வேர்டு எப்படி வைக்க வேண்டும் என்று முழங்கிவிட்டு வந்தேன். நீளமாக இருக்க வேண்டும்; பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நடுவே இரண்டு குறிகள் என்று அடுக்கினேன். கூட்டம் பக்தியோடு கேட்டது. ஒரு பெரியவர் மட்டும் இதை மனப்பாடம் செய்வதற்கு லலிதா சகஸ்ரநாமம் சுலபம் என்று முணுமுணுத்தார்.

முதல் ஏலத்தன்று காலை ஷிப்ட் எனக்கு. ரஜிதா மேடம் வரவில்லை. ஜெபராஜ் வேறொரு வாடிக்கையாளரோடு போனில் இருந்தான். மாமனாரின் முதல் பறிப்பு அன்று ஷெட்டில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. அவரை நம்பி வந்த மற்றவர்கள் சரக்கும்தான். ஒன்பது மணிக்கு உள்விலை போடும் நேரம் முடியும்; அதன்பின் ஏலம்; பிறகு லாரி.

எட்டரை வாக்கில் என் திரை சிவந்தது. பாஸ்வேர்டு தவறு, பாஸ்வேர்டு தவறு, பாஸ்வேர்டு தவறு. ஒரே இணைய முகவரியிலிருந்து, பல கணக்குகள்; ஒவ்வொன்றிலும் ஐந்தாறு முறை தப்பாக அடித்து, நிறுத்தி, மறுபடி அடித்து. இடம் எர்ணாகுளம் என்று காட்டியது. சாவிக்கொத்து. பயிற்சியில் பார்த்த மூன்றாவது வகை, பாடப்புத்தகத்திலிருந்து எழுந்து நடந்து வந்ததைப் போல.

அதே நேரத்தில் ஓரத்தில் மஞ்சளாக இன்னொரு அலர்ட் வந்தது. லாகின் செய்த ஒரு வியாபாரி, பக்கம் பக்கமாகத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து முகவரியின் கடைசியில் ஒரு எண், அடுத்த பக்கத்தில் அடுத்த எண், அதற்கடுத்ததில் அதற்கடுத்தது. ஒரு பிழை இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. நான் புத்தகம் படிக்கிறவன். முதல் பக்கத்திலிருந்து ஒன்றையும் தாண்டாமல் வரிசையாகப் படிக்கிற ஒரு மனிதர்மேல் எனக்கு இயல்பாகவே மரியாதை வந்துவிடும். 'பொறுப்பான பயனாளர், கவலை வேண்டாம்' என்று குறிப்பெழுதி அந்த அலர்ட்டை மூடினேன். (அந்தக் குறிப்பு இன்றும் எங்கள் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள்.)

பிறகு சிவப்பின் பக்கம் திரும்பி, அந்த எர்ணாகுளத்து முகவரியை மொத்தமாகத் தடைசெய்தேன். சத்தம் அப்படியே அடங்கியது. கீழேயிருந்து ஒரு முட்டை பப்ஸ் வரவழைத்தேன்.

பாதி பப்ஸில் மாமனார் கூப்பிட்டார். கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இந்த சைட்டு தொறக்கவே மாட்டீங்குதுங்களே?"

நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். பதற வேண்டாம், தளத்தை ஒரு கும்பல் தாக்கப் பார்த்தது, இப்போதுதான் அடக்கினேன், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று சொன்னேன்.

"அடக் கெரகமே. யாருங்க அவனுக?"

"எர்ணாகுளத்துக்காரனுங்க மாமா. திட்டம் போட்டு வந்திருக்காங்க. ஒரே இடத்துல உக்காந்துக்கிட்டு, ஒவ்வொருத்தர் கணக்கா மாத்தி மாத்தி பாஸ்வேர்டு போட்டுப் பாக்கறாங்க. தோட்டக்காரங்க கணக்குலயா பாத்து."

"அப்பிடிங்களா? இங்க நாங்க பத்துப் பாஞ்சு பேரும் அதைத்தானுங்க பண்ணிட்டிருக்கறோம். செல்லுல கேரளா டவரு வருதா தமிழ்நாட்டு டவரு வருதான்னே தெரியறதில்லைங்க. அதனால எல்லாருமே ஷெட்டு வைபையிலதான் போட்டோம்."

எனக்கு வாயில் பப்ஸ் நின்றது. இணைய இணைப்பு கொடுக்கிற கம்பெனி எந்த ஊரில் பதிவு செய்திருக்கிறதோ, கருவி அந்த ஊரைத்தான் காட்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதுவும் மதியத்துக்குப் பிறகுதான்.

"மாமா... பாஸ்வேர்டை ஏன் எல்லாரும் அத்தனை வாட்டி தப்பாப் போட்டீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கட்டால யாவாரி ஆளுக நிக்கறானுகங்க. நம்ம உள்வெலைய அவன் பாத்துறக்கூடாதில்லீங்களா. அதுதான் செல்லத் துண்டுக்குள்ள வெச்சு அடிச்சோம். நீங்க சொன்ன அந்த நீளப் பாஸ்வேர்ட இருட்டுக்குள்ள தடவித் தடவி அடிச்சா எப்பிடிங்க சரியா வரும்?"

ஷெட்டு முழுக்க வெள்ளைத் துண்டு மூடிய தலைகளும் கைகளும் என் கண்முன் வந்தன. என் எர்ணாகுளத்துக் கும்பல்.

மணி ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருந்தது. தடையை எடுக்கப் பாய்ந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரியவந்தது: தடைபோடுவது எப்படி என்று மட்டுமே கற்றுக்கொண்டிருந்தேன். எடுப்பது எப்படி என்று தெரியாது. கண்ணில் பட்ட மூன்று பட்டன்களை அழுத்தியதில் எங்கள் அலுவலக முகவரியும் தடைப்பட்டியலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெபராஜ் தன் போனைக் கீழே வைத்துவிட்டு வந்து, என்னை நாற்காலியோடு ஓரம் தள்ளி உட்கார்ந்தான். முதலில் எங்களைத் திறந்து, அப்புறம் ஷெட்டைத் திறந்தான். அதற்குள் ஒன்பது தாண்டிவிட்டது. வீட்டிலிருந்தே போட்டிருந்த சிலருடைய சரக்கோடு ஏலம் ஆரம்பித்திருந்தது. ஷெட்டில் இருந்த ஒரு காய்கூட அதில் இல்லை.

ஜெபராஜ் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனவன், மஞ்சளில் நின்றான். நான் மூடியதை மறுபடி திறந்தான்.

"அண்ணே, இது யாரு? பொறுப்பான பயனாளரு?"

வரிசையாகப் படிக்கிறார், நல்ல வாசகர் என்று நான் ஈனக்குரலில் சொன்னேன்.

"ஒவ்வொரு நம்பரும் ஒவ்வொருத்தரு போட்ட உள்விலைண்ணே. தன்னுது இல்லாத நம்பரக் கேட்டா சைட்டு 'உனக்கில்ல, போ'ன்னு சொல்லணும். இது எல்லாத்துக்கும் எடுத்து எடுத்துக் குடுத்திருக்கு பாருங்க. இவன் படிக்கலண்ணே. ஒவ்வொருத்தர் துண்டையா தூக்கிப் பாத்துட்டு வாரான்."

ஸ்பீக்கரை நான் இன்னும் அணைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மறுமுனையில் மாமனார் நிதானமாகக் கேட்டார்.

"அப்பொ மாப்பிள்ளை, துண்டு போட்டவனையெல்லாம் வெளிய நிறுத்திப்போட்டு, தூக்கிப் பாத்தவனைக் கும்பிட்டு உள்ள உட்டீங்களாக்கும்?"

இந்தச் சம்பவத்தைப் பற்றி ரஜிதா மேடம் பிற்பாடு எழுதிய நான்கு பக்க அறிக்கையில் இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் புதிதாக எதுவும் இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து போட்டவர்களின் சரக்கு ஒவ்வொன்றும் அவரவர் உள்விலைக்கு ஒரு ரூபாய் கூடுதலாகப் போனது. அத்தனையும் அந்த ஒழுங்கான வாசகருக்கே. ஜெபராஜ் சங்கத்துக்குப் போன் செய்து விளக்கியதும் ஏலத்தை ரத்து செய்தார்கள். தளத்தைக் கட்டியவர்கள் அந்த ஓட்டையை அன்றே அடைத்தார்கள். ஆனால் இந்தக் குழப்பம் தெளிவதற்குள் வடக்கே போகிற லாரிக்காரர்கள் பக்கத்து ஷெட்டுகளில் சரக்கேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளூர் வியாபாரிகள் மத்தியானத்துக்கு மேல் வந்து, நின்ற சரக்கை விலை குறைத்துக் கேட்டார்கள். தன் பேச்சை நம்பி வந்தவர்கள் சரக்கெல்லாம் முதலில் விற்றுப் போகட்டும் என்று மாமனார் கடைசிவரை தன்னுடையதை ஒதுக்கி வைத்திருந்தார். கடைசியில் அதை வாங்க ஆளே இல்லை.

ரஜிதா மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நான் ராஜினாமா வாசகங்களை மனதில் அடுக்கிக்கொண்டு போனேன். அவர், "சாரே, ஒரு காரியம் சொல்லட்டே? நிங்க இனி எதையும் தடுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். எழுதினா மதி, அது போதும்" என்றார். அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் அறிக்கை எழுதுவது மட்டும்தான் என் வேலை. திருடர்களைப் பற்றி இப்போது நான் எழுதுவதெல்லாம் மிகத் துல்லியமாக இருக்கிறது. அவர்களைப் பிடிப்பது வேறு ஆட்கள்.

அந்த வாரக் கடைசியில் மாமனார் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் யோசித்து ஒரு வாதம் தயார் செய்திருந்தேன். ஒரு விதத்தில் பார்த்தால், நான் தடைபோட்டதால்தான் ஷெட்டில் இருந்தவர்களின் உள்விலை அந்த ஆளுக்குத் தெரியாமல் தப்பியது. இதை மெதுவாக அவரிடம் எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"அப்பிடித்தானுங்க. வெல தப்பிச்சுக்கிச்சு. மாங்காதான் தப்பிக்கலைங்க."

தப்பிக்காத மாங்காயில் ஒரு பங்கு டெம்போவில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தது. சுமதி ஒரு வார்த்தை திட்டவில்லை. காலையில் மாங்காய்ச் சட்னி, மத்தியானம் மாங்காய்க் குழம்பு, இரவுக்கு மாங்காய்ப் பச்சடி என்று வைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் தயிர்ச் சாதத்தைப் பார்த்ததும் நன்றியில் எனக்குக் கண் நிறைந்தது. கிளறினால் உள்ளே துருவிய மாங்காய்.

சங்கத்துக்காரர்கள் தளத்தைக் கைவிடவில்லை. மாமனாரே மறுபடி எல்லோரையும் பேசிக் கூட்டிவந்தார். என் பெயரை மட்டும் இந்த முறை சொல்லவில்லை. இப்போது ஏலம் நன்றாகவே நடக்கிறது. என்னைப் பற்றிய ஒரு விதியும் குடும்பத்தில் நிலைத்துவிட்டது: எனக்கு ஒருவரைப் பிடித்துப்போனால், அவரைப் பற்றி உடனே விசாரிக்க வேண்டும். புதிதாக வந்த பால்காரரை நான் மரியாதையான மனிதர் என்று சொன்ன அன்று, சுமதி பாலைக் காய்ச்சாமல் வைத்துக்கொண்டு பக்கத்து வீடுகளில் கேட்டுவரப் போனாள். ஒரு சீட்டுக்காரரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது என்றேன். மாமியார் அன்றைக்கே அவரிடம் சீட்டில் சேர்ந்தார்.

போன வருடம் என் கொழுந்தியாள் கவிதாவைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்தார்கள். பையன் நல்ல வேலை, நல்ல பேச்சு, கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில். அவர்கள் கார் ஏறிப் போனதும் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். கவிதா முகத்திலேயே சம்மதம் தெரிந்தது. மாமனாருக்கும் திருப்தி. தேதி பார்க்கப் பஞ்சாங்கம்கூடக் கைக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நானும் கலந்துகொள்ள நினைத்து, "தங்கமான பையன், எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் கவிதாவைப் பார்த்தார். கவிதா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத விரும்பவில்லை. பஞ்சாங்கம் மூடப்பட்டது.

பொள்ளாச்சி, உடுமலை, பழனி என்று ஊர் ஊராக ஆள்விட்டு விசாரித்தார்கள். பையன் படித்த கல்லூரியில் கேட்டார்கள், சலூனில்கூடக் கேட்டார்கள். ஒரு குறையும் அகப்படவில்லை. அகப்படாததே எல்லோருக்கும் இன்னும் கலக்கமாக இருந்தது. முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கடைசியில் ஆடி வந்து போய், ஆவணியில்தான் கல்யாணம் நடந்தது.

அந்தப் பையன் இப்போது என் சகலை. என்னிடம் மிகுந்த மரியாதை வைத்திருப்பவன். வீட்டு விசேஷங்களில் பந்தியில் என் பக்கத்து இலையில்தான் உட்காருவான். பாயசம் வருகிற நேரமாகப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிறபடி ஒவ்வொரு முறையும் சொல்கிறான்:

"ஏனுங்ணா, அன்னைக்கு நீங்க என்னைய நல்லா நாலு வார்த்த வைஞ்சிருந்தீங்கன்னா, சித்திரையிலயே எனக்குக் கல்யாணம் முடிஞ்சிருக்குமுங்களே."